பெயிட்காஸ்டிங் ரீலில் பிரெய்டு: ஏற்றுவது முதல் வீசுவது வரை

பெயிட்காஸ்டிங் ரீலில் (நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூல், வீசும்போது தானே சுழன்று நரம்பை விடும் தூண்டில் ரீல்) முதன்முறையாகப் பிரெய்டு (பின்னல் நரம்பு) போடுபவர்களுக்கு மூன்று தொல்லைகள் வரும். கைப்பிடி சுற்றும், டிராக்கும் (மீன் பலமாக இழுத்தால் நரம்பை நழுவவிடும் பிடிப்பு) இறுக்கமாக இருக்கும், ஆனால் மீன் கிட்டே வராது. பாசியில் மாட்டிய லூரை (செயற்கை இரை) பிடுங்கி எடுத்த பிறகு அடுத்த வீச்சு நடுவானில் சட்டென்று நிற்கும், சில சமயம் லூர் அறுந்துகொண்டு தனியாகப் போகும். மூன்றாவது, எல்லோருக்கும் தெரிந்த சிக்கு.

மூன்றுக்கும் வீசுபவரின் கையைத்தான் குறை சொல்வார்கள். ஆனால் முதல் இரண்டுக்கும் வீச்சுக்கும் சம்பந்தமே இல்லை. நரம்பை ஸ்பூலில் ஏற்றும் அந்த அரைமணி நேரத்திலேயே அவை முடிவாகிவிடுகின்றன. சிக்கிலும் ஒரு பங்கு அப்போதே உருவாகிறது. இதையெல்லாம் துண்டு துண்டாகக் கேட்டு, நிறைய நரம்பை வெட்டிப் போட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. நீங்கள் அந்தச் சுற்றுவழியில் போக வேண்டாம் என்று வரிசையாக எழுதியிருக்கிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையைக் கரையில் நின்றுகொண்டு செய்யாதீர்கள். முதல் தடவை ஒரு மணி நேரமாவது பிடிக்கும். முந்தின நாளே வீட்டில் உட்கார்ந்து முடித்துவிடுங்கள்.

1. உங்களுக்குப் பிரெய்டு தேவையா என்று பாருங்கள்

பிரெய்டு மெல்லிய பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்த நரம்பு. அதே பலமுள்ள மோனோவைவிட (ஒற்றை இழை நைலான் நரம்பு) மிகவும் மெலிசு. கிட்டத்தட்ட நீளவே நீளாது. தண்ணீரில் மிதக்கும். இதன் நன்மைகளும் தொல்லைகளும் இந்த மூன்று குணங்களிலிருந்தே வருகின்றன.

அடர்ந்த பாசி, தாமரை இலை, மூழ்கிய கிளை இருக்கும் இடங்களில் தவளை லூர் போடுகிறீர்களா? யோசிக்கவே வேண்டாம், பிரெய்டுதான். நீர்மட்டத்தில் ஓடும் லூருக்கும் நல்லது, நரம்பு மூழ்கி லூரின் மூக்கைக் கீழே இழுக்காது. தெளிந்த நீரிலும் பாறை நிறைந்த இடத்திலும் லீடர் (பிரெய்டின் முனைக்கும் லூருக்கும் இடையே கட்டும் வேறு நரம்புத் துண்டு) இல்லாமல் போடாதீர்கள். பிரெய்டு பாறை விளிம்பில் உரசினால் மோனோவைவிடச் சீக்கிரம் அறுந்துவிடும். மும்முனைக் கொக்கி உள்ள கிராங்க் வகை லூர்களுக்கு நீளாத நரம்பு அவ்வளவு பொருத்தமில்லை. மீன் தலையை உதறும்போது கொடுத்து வாங்க எதுவும் இல்லாததால் கொக்கி கழன்று வரும். அங்கே மோனோவோ ஃபுளோரோகார்பன் நரம்போ போதும்.

பெயிட்காஸ்டிங் ரீலையே இப்போதுதான் கையில் எடுக்கிறீர்கள் என்றால், முதலில் 12 அல்லது 15 பவுண்டு மோனோவில் கட்டைவிரலைப் பழக்குங்கள். மலிவான நரம்பு, வெட்டிப் போட்டாலும் மனசு வலிக்காது.

2. பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் பவுண்டு எண்ணைப் பார்த்துத்தான் பெரும்பாலானோர் வாங்குகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் விட்டம். 30 பவுண்டு பிரெய்டின் விட்டம் சுமார் 0.28 மில்லிமீட்டர், அதாவது 8 பவுண்டு மோனோ அளவு. 50 பவுண்டு சுமார் 0.36, கிட்டத்தட்ட 12 பவுண்டு மோனோ. 65 பவுண்டு 0.40ஐ ஒட்டி வரும். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். பின்னல் நரம்பு முழு வட்டமாக இருக்காது, அழுத்தினால் தட்டையாகும். ஆகவே இந்த எண்களை ஒரு மதிப்பீடாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண அளவு பெயிட்காஸ்டிங் ரீலுக்கு 30 பவுண்டுக்குக் கீழே இறங்க வேண்டாம். 10 பவுண்டு மீனுக்கு 50 பவுண்டு நரம்பு எதற்கு என்று தோன்றும். இங்கே பலத்துக்காக யாரும் 50 வாங்குவதில்லை, தடிமனுக்காக வாங்குகிறார்கள். மெலிந்த நரம்பு பாரம் விழும்போது அடியில் இருக்கும் சுற்றுகளுக்கு இடையே கத்திபோல் புகுந்துவிடும். தடித்தது அவ்வளவு சுலபமாகப் புகாது. சிக்கு விழுந்தாலும் பிரிக்கக் கண்ணுக்குத் தெரியும். பொதுவான உபயோகத்துக்கு 40 அல்லது 50, அடர்ந்த பாசிக்கு 65. புதிதாகத் தொடங்குபவருக்கு 50ஐத்தான் சொல்வேன். மிக இலேசான லூர்களுக்கென்று ஆழம் குறைந்த ஸ்பூலோடு வரும் சிறிய ரீல்களில் மெலிந்த பிரெய்டு போடுவார்கள். அது வேறு கணக்கு, இங்கே அதைத் தொடவில்லை.

அடுத்து 4 இழையா 8 இழையா என்ற கேள்வி. 4 இழை சற்றுச் சொரசொரப்பானது, ராடின் (தூண்டில் கோலின்) வளையங்களில் ஓடும்போது சத்தம் வரும், விலை குறைவு, பாசியை அறுத்துக்கொண்டு வரும். 8 இழை வழுவழுப்பு, சத்தமில்லை, விலை கூடுதல். முதல் பெட்டிக்கு 4 இழையே போதும். நிறத்தைப் பொறுத்தவரை, லீடர் கட்டப் போகிறீர்கள் என்றால் நரம்பின் அசைவு உங்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மஞ்சளோ ஆரஞ்சோ எடுங்கள். நேராக லூரைக் கட்டப் போகிறீர்கள் என்றால் கரும்பச்சை.

3. எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

பணம் வீணாகும் இடம் இதுதான். பிரெய்டு மோனோவைவிடப் பல மடங்கு விலை. ஸ்பூல் முழுவதும் பிரெய்டாலேயே நிரப்புகிறவர்கள் பாதிக்கு மேல் என்றுமே தண்ணீரைப் பார்க்காத நரம்புக்குக் காசு கொடுக்கிறார்கள்.

ரீலின் பக்கவாட்டிலோ கூட வந்த தாளிலோ கொள்ளளவு இருக்கும். உதாரணமாக, 0.32 மில்லிமீட்டர் நரம்பு 110 மீட்டர் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்பூலில் அடைபடும் இடம் நரம்பின் நீளத்தையும் விட்டத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. 0.36 விட்டமுள்ள பிரெய்டு எவ்வளவு பிடிக்கும் என்று பார்க்க, 0.32ஐ 0.36ஆல் வகுத்து, வருவதை அதனாலேயே பெருக்கி, 110ஆல் பெருக்குங்கள். சுமார் 87 மீட்டர் வரும்.

ஆனால் உங்கள் வீச்சு 30, 40 மீட்டரைத் தாண்டப் போவதில்லை. 60 மீட்டர் பிரெய்டு மேலே இருந்தால் ஏரி, குளத்துக்குத் தாராளம். அந்த 60 மீட்டர் அடைக்கும் இடம் 0.32 மோனோ 76 மீட்டருக்குச் சமம். 110இல் அதைக் கழித்தால் 34. ஆக, அடியில் 34 மீட்டர் மோனோ, மேலே 60 மீட்டர் பிரெய்டு. பிரெய்டு பொதுவாக 150 அல்லது 300 கெஜப் பெட்டிகளில் வருகிறது. 150 கெஜம் என்பது 137 மீட்டர், இந்தக் கணக்கில் இரண்டு முறை நிரப்பலாம். 300 கெஜத்தில் நான்கு முறை நிரப்பியும் மிஞ்சும். பெரிய பெட்டியில் மீட்டருக்கு விலையும் பெரும்பாலும் குறைவாகவே விழும்.

கடலில் நீளமாக ஓடும் மீன்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே பிரெய்டை நீளமாகப் போட்டு, அடி மோனோவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பிரெய்டோடு சேர்த்து வாங்க வேண்டியவை: அடியில் போட மலிவான மோனோ, லீடருக்கு ஒரு சிறு சுருள் ஃபுளோரோகார்பன் அல்லது மோனோ, பிரெய்டு வெட்டும் கத்தரி. கத்தரியை விட்டுவிடாதீர்கள். நகவெட்டி பிரெய்டை மென்று பிசிறாக்கும், அந்தப் பிசிறு முனையோடு ஒரு முடிச்சும் ஒழுங்காகப் போட முடியாது. பல்லால் கடிக்கும் எண்ணம் இருந்தால் பல்லுக்குத்தான் கேடு.

4. ராடையும் ரீலையும் சோதியுங்கள்

பழைய நரம்பை முழுவதும் கழற்றிவிட்டு ஸ்பூலை ஈரத்துணியால் துடையுங்கள். சின்னப் பஞ்சுத் துண்டை எடுத்து ராடின் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுழற்றிப் பாருங்கள். பஞ்சு எங்காவது மாட்டினால் அங்கே விரிசல் இருக்கிறது. பிரெய்டை அது சிறுகச் சிறுக அரைக்கும். லெவல் வைண்டின் (நரம்பை ஸ்பூலில் இப்படியும் அப்படியும் சீராகப் பரப்பும் பாகம்) துளையையும் அப்படியே சோதியுங்கள்.

5. ஸ்பூலில் வழுக்காமல் கட்டுங்கள்

பாலிஎத்திலீன் வழுக்கும். வெறும் உலோக ஸ்பூலில் பிரெய்டை நேரடியாகக் கட்டினால், முடிச்சு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் பாரம் விழும்போது முழு நரம்புச் சுருளும் ஸ்பூலின் மேல் மொத்தமாகச் சுழலும். வெளியிலிருந்து பார்த்தால் டிராக் வழுக்குவது போலவே இருக்கும். ஸ்டார் டிராக்கை (டிராக்கை இறுக்கும் நட்சத்திர வடிவத் திருகு) இறுக்குவார்கள், ரீலைப் பிரித்து வாஷர் மாற்றுவார்கள், கடையில் போய்ச் சண்டை போடுவார்கள். ரீலில் எந்தக் கோளாறும் இருக்காது.

சந்தேகமாக இருந்தால் இப்படிச் சோதியுங்கள். ஸ்பூலின் விளிம்பிலிருந்து நரம்புச் சுருளின் மேல் வரை மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். டிராக்கை நன்றாக இறுக்கி, நரம்பைத் துணியால் பிடித்து இழுங்கள். விளிம்பில் இருக்கும் கோடு நகராமல் நரம்பில் இருக்கும் கோடு மட்டும் விலகினால், வழுக்குவது நரம்பு. இரண்டும் சேர்ந்தே நகர்ந்தால் டிராக்.

தடுக்க மூன்று வழி உண்டு. முதலாவது, மேலே சொன்ன அடி மோனோ. மோனோ ஸ்பூலை இறுகப் பிடித்துக்கொள்ளும், பணமும் மிச்சமாகும். எனக்கு இதுதான் பிடிக்கும். இரண்டாவது, ஸ்பூலைச் சுற்றி ஒரு சுற்று மின்சார டேப் ஒட்டி, அதன் மேல் பிரெய்டைக் கட்டுவது. சீக்கிரம் முடியும், ஆனால் நாளடைவில் பசை இளகி ஸ்பூலில் பிசுபிசுப்பு ஏறும். மூன்றாவது, ஸ்பூலிலேயே நரம்பைப் பூட்டுவதற்கு ஊசியோ துளைகளோ இருக்கும் ரீல்கள். துளை இருந்தால் ஒரு துளையில் நுழைத்து அடுத்ததில் வெளியே எடுத்துக் கட்டுங்கள், வேறு எதுவும் தேவையில்லை.

மோனோ வழியைத் தேர்ந்தால், தரையில் 34 மீட்டர் அளந்து, மோனோவை லெவல் வைண்ட் துளை வழியாக விட்டு ஸ்பூலில் கட்டிச் சுற்றுங்கள். இந்தத் துளையை மறந்துவிட்டு எல்லாவற்றையும் சுற்றிய பிறகு கண்டுபிடிப்பவர்கள் ஏராளம். கட்டும் முன் ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுங்கள். மோனோவின் கடைசி முனையையும் பிரெய்டின் முதல் முனையையும் இரட்டை யூனி முடிச்சால் இணையுங்கள். பிரெய்டு பக்கம் 7, 8 சுற்று, மோனோ பக்கம் 4, 5 சுற்று. ஈரப்படுத்தி, மெதுவாக இறுக்கி, வால்களை ஒட்ட வெட்டுங்கள்.

6. இறுக்கிச் சுற்றுங்கள்

முழு வேலையிலும் முக்கியமானது இதுதான், அவசரப்படும் இடமும் இதுதான். தளர்வாகச் சுற்றிய பிரெய்டில் பாரம் விழுந்தால் மேல் சுற்று அடிச் சுற்றுகளைப் பிளந்துகொண்டு உள்ளே புதையும். அடுத்த வீச்சில் அந்தச் சுற்று வெளியே வர முடியாமல் நெரிபடும், ஸ்பூல் சட்டென்று நிற்கும். லூர் மட்டும் போன வேகத்தில் போகப் பார்க்கும். முன்னே சொன்ன இரண்டாவது தொல்லை இதுதான்.

ராடைப் பொருத்திக்கொள்ளுங்கள். நரம்பை ரீலுக்கு அருகிலிருக்கும் முதல் வளையத்திலாவது விட்டுக்கொள்ளுங்கள். பிரெய்டுச் சுருளின் நடுத்துளையில் ஒரு பென்சிலைச் செருகி வேறு யாரையாவது இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் ஒரு அட்டைப்பெட்டியில் இரண்டு ஓட்டை போட்டுப் பென்சிலை அதில் நுழைத்துவிடுங்கள். சுருள் உருள வேண்டும், அதுதான் விஷயம். தரையில் படுக்கவைத்து அதன் பக்கவாட்டிலிருந்து நரம்பை உருவினால் முறுக்கு ஏறும்.

பிறகு ஈரத்துணியை இரண்டாக மடித்து, ரீலுக்கும் சுருளுக்கும் இடையே நரம்பை அதில் பிடித்து அழுத்துங்கள். காய்ந்த துணி வேண்டாம், வெறும் விரல் கூடவே கூடாது. பாலிஎத்திலீன் சுமார் 145 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், வேகமான உராய்வு அதற்கு ஆகாது. விரலோ அதற்கு முன்பே வெட்டுப்படும். கைப்பிடியைச் சுற்றும்போது கொஞ்சம் பலம் போட்டுத்தான் சுற்ற முடிகிறது என்ற அளவுக்கு அழுத்தம் இருக்கட்டும். டிராக் நழுவினால் அதைச் சற்று இறுக்கிக்கொள்ளுங்கள். வேகம் ஒரே சீராக இருக்கட்டும். இடையில் கை வலித்தால் நிறுத்துங்கள், ஆனால் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு தொடராதீர்கள். நடுவில் ஒரு தளர்ந்த அடுக்கு இருந்தாலும் போதும், மேலே உள்ளது அங்கேதான் புதையும்.

சுற்றி முடித்ததும் கட்டைவிரல் நகத்தால் நரம்பை அழுத்திப் பாருங்கள். நகம் சுற்றுகளை விலக்கிக்கொண்டு உள்ளே போனால் தளர்வு. எல்லாவற்றையும் கழற்றி மறுபடியும் சுற்றுங்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். வேறு வழியில்லை.

எவ்வளவு நிரப்புவது? ஸ்பூல் விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். கூடுதலாக நிரப்பினால் தூரம் கூடும் என்பார்கள். நிறைந்த ஸ்பூல் கனமாகவும் இருக்கும், சுழலத் தொடங்கினால் அடங்கவும் மறுக்கும். புதியவர் 4 மில்லிமீட்டர் விட்டாலும் குறைந்துபோகாது.

7. லீடரும் முடிச்சும்

பாசிக்குள் தவளை லூர் என்றால் லீடர் வேண்டாம், பிரெய்டை நேரடியாகப் பாலோமார் முடிச்சால் கட்டுங்கள். இரட்டையாக மடித்துக் கட்டுவதால் பிரெய்டில் வழுக்காத முடிச்சு அது. மோனோவில் பழகிய கிளிஞ்ச் முடிச்சை இங்கே நம்பாதீர்கள், இழுத்தால் உருவிக்கொண்டு வரும். எந்த முடிச்சானாலும் ஈரப்படுத்தி இறுக்கி, வாலில் 4, 5 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள்.

மற்ற இடங்களுக்கு லீடர் கட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதற்காக மட்டும் இல்லை. அடியில் எங்காவது மாட்டினால் அறுபடுவது லீடராகவே இருக்க வேண்டும் என்பதற்காகவும்தான். ராடின் கைப்பிடிக்கு மேல் அது தாங்கும் நரம்பின் பலம் அச்சிட்டிருக்கும், உதாரணமாக 10 முதல் 20 பவுண்டு என்று. 50 பவுண்டு பிரெய்டை அதில் நேரடியாகக் கட்டி முழுப் பலத்தில் இழுத்தால் முதலில் உடையக்கூடியது ராட். இடையில் 20 பவுண்டு லீடர் இருந்தால் அது போகும், மற்றதெல்லாம் தப்பிக்கும்.

நீளம் ஒரு மீட்டரை ஒட்டி இருக்கட்டும். லூர் ராட் முனையிலிருந்து ஓரடி தொங்கும்போது இணைப்பு முடிச்சு வளையங்களுக்குள் வரலாம், ஆனால் லெவல் வைண்டுக்குள் வரக்கூடாது. அங்கே வந்தால் ஒவ்வொரு வீச்சிலும் தட்டும். இணைப்புக்கு இரட்டை யூனி போதுமானது, ஆனால் தடிப்பாக இருக்கும். எஃப்.ஜி. முடிச்சு மெலிசாக வளையங்களில் வழுக்கிக்கொண்டு போகும். பிரெய்டை லீடரின் மேல் மாறி மாறி 20 சுற்று இறுக்கமாகப் பின்ன வேண்டும், கற்றுக்கொள்ள ஒரு மாலை நேரம் ஆகும். காற்றடிக்கும் கரையில் அதை முதன்முறை முயல வேண்டாம்.

பிரெய்டு வால் பிசிறாமல் இருக்க லைட்டரால் முனையை லேசாகச் சுடலாம். நெருப்பு முடிச்சின் பக்கம் போகவே கூடாது.

8. பிரேக்கும் டிராக்கும்

நரம்பு வெளியே போகும் வேகத்தைவிட ஸ்பூல் வேகமாகச் சுழன்றால் சிக்கு. இதைத் தாண்டி அதில் மர்மம் எதுவும் இல்லை. மோனோவில் வைத்திருந்த அளவுகளை மறந்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

பழகுவதற்கு 15 கிராமை ஒட்டிய லூர் நல்லது. மிக இலேசான லூரால் ஸ்பூலை ஒழுங்காக இழுக்க முடியாது. கைப்பிடிப் பக்கம் இருக்கும் ஸ்பூல் டென்ஷன் திருகை முறுக்கி, கட்டைவிரல் பொத்தானை அழுத்துங்கள். லூர் மெதுவாக இறங்க வேண்டும், தரையைத் தொட்டதும் ஸ்பூல் தானாக நிற்க வேண்டும். பிறகு மறுபக்கம் பிரேக். காந்த பிரேக் என்றால் 10இல் 7 அல்லது 8. மைய விலக்கு பிரேக் என்றால் எல்லாக் கட்டைகளையும் வேலை செய்யும் நிலையில் வையுங்கள். தூரம் குறையும், குறையட்டும். சிக்கில்லாமல் வீச்சு போகத் தொடங்கியதும் ஒவ்வொரு எண்ணாகக் குறைக்கலாம். லூரை மாற்றும்போதெல்லாம் டென்ஷன் திருகை மறுபடி பார்க்க வேண்டும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

டிராக் விஷயத்தில் மோனோ பழக்கம் ஆபத்து. அங்கே நரம்பின் நீட்சி பாதி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். இங்கே எல்லாம் நேராகக் கொக்கிக்கும் ராடுக்கும் போகும். மொத்த அமைப்பில் எது பலம் குறைந்ததோ அதில் கால் பங்கு முதல் 30 சதவீதம் வரை டிராக் வைப்பது வழக்கம். 20 பவுண்டு லீடர் சுமார் 9 கிலோ தாங்கும். சிறு தராசை நரம்பில் மாட்டி இழுத்து, 2.5 கிலோவுக்குச் சற்று மேலே நழுவும்படி வையுங்கள். பாசிக்குள் நேரடியாகக் கட்டிய தடித்த பிரெய்டு என்றால் மட்டும் நன்றாக இறுக்கலாம், அங்கே மீனை ஓடவிட்டால் போச்சு. மீன் கடித்ததும் ராடை ஓங்கி வெட்டாதீர்கள். தளர்வைச் சுற்றி எடுத்துவிட்டு ஒரு பக்கமாக அழுத்தி இழுத்தாலே கொக்கி ஏறிவிடும்.

9. முதல் வீச்சுகள்

கொக்கியை எடுத்துவிட்டு, காற்று முதுகில் படும்படி திறந்த வெளியில் நின்று தொடங்குங்கள். நரம்பு ஈரமாக இருந்தால் அடங்கி உட்காரும். மெதுவாக, பக்கவாட்டில் வீசுங்கள். வீச்சு முழுக்கக் கட்டைவிரல் ஸ்பூலை இலேசாகத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும். லூர் தண்ணீரைத் தொடுவதற்குச் சற்று முன்பு விரலை அழுத்தி ஸ்பூலை நிறுத்துங்கள். ஸ்பூலில் நரம்பு இலேசாக உப்பினால் பிரேக்கில் கை வைக்கும் முன் விரலைப் பாருங்கள்.

சிக்கை நினைத்தே பயமாக இருந்தால் ஒரு வழி உண்டு. உங்களால் முடிந்த தூரம் ஒன்றை வீசி, இன்னும் 10 மீட்டர் கையால் உருவி எடுங்கள். ஸ்பூலில் மிஞ்சியிருக்கும் நரம்பின் மேல் சிறு டேப் துண்டு ஒட்டி, மற்றதைச் சுற்றிவிடுங்கள். சிக்கு விழுந்தாலும் டேப்புக்குக் கீழே போகாது. பெரிய மீன் வந்தால் நரம்பு அந்த டேப்பில் நிற்கும் என்பதால், பழகும் நாட்களுக்கு மட்டும் இது. பிறகு எடுத்துவிடுங்கள்.

திரும்பச் சுற்றும்போது ரீலைப் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே நரம்பை மெதுவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மேற்பரப்பு லூர்களைச் சுண்டிச் சுண்டி இழுக்கும்போது நரம்பு தளர்ந்தே ஸ்பூலில் ஏறும், அங்கே இது கட்டாயம். பெரிய மீனோ பெரிய பாசிக் கொத்தோ இழுத்த பிறகு உடனே முழு வேகத்தில் வீசாதீர்கள். முதலில் 20 மீட்டர் வரை கையால் உருவிப் பாருங்கள். எங்காவது புதைந்திருந்தால் அங்கேயே தெரியும். மேல்நோக்கி இழுத்து எடுத்துவிட்டு, இறுக்கிச் சுற்றிக்கொண்டு பிறகு வீசுங்கள்.

10. சிக்கு விழுந்துவிட்டால்

வெடுக்கென்று இழுக்காதீர்கள். பிரெய்டு மெலிசு, இழுத்தால் வளையங்கள் கல்லாக இறுகும்.

கட்டைவிரலால் ஸ்பூலைப் பலமாக அழுத்திக்கொண்டு கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். தளர்ந்த வளையங்கள் விரலுக்கடியில் படிந்து நேராகும். பொத்தானை அழுத்தி, நரம்பை மெதுவாக இழுங்கள். நிற்கும் இடத்தில் மறுபடி அதையே செய்யுங்கள். பெரும்பாலான சிக்குகள் இதிலேயே அவிழ்ந்துவிடும். மிச்சத்துக்கு மழுங்கிய ஊசி ஒன்றைப் பையில் வைத்திருங்கள், மேலே படிந்திருக்கும் வளையத்தைத் தேடி அதை மட்டும் தூக்கிவிடுங்கள். கொக்கி முனையால் கிளறினால் இழைகள் அறும்.

மோனோவில் ஒரு பெரிய சிக்கு விழுந்தால் மடிப்பு நிற்கும், அந்த இடம் பலவீனம். பிரெய்டில் அப்படி மடிப்பு நிற்காது. பொறுமையாக அவிழ்த்தால் நரம்பை அப்படியே பயன்படுத்தலாம், எனவே கத்தரிக்கு அவசரப்பட வேண்டாம்.

11. அடியில் மாட்டிக்கொண்டால்

பிரெய்டைக் கையில் சுற்றி இழுக்காதீர்கள். இதை மட்டும் எத்தனை முறை சொன்னாலும் தகும். நீளாத, மெலிந்த நரம்பு தோலை ஆழமாக வெட்டும்.

ராடாலும் இழுக்க வேண்டாம். ராட் உடையும், பாரம் ஸ்பூலில் ஏறினால் நரம்பு புதையும். முதலில் இடம் மாறி நின்று வேறு திசையிலிருந்து இழுத்துப் பாருங்கள். விடவில்லையென்றால் ரீலில் கொஞ்சம் நரம்பை விட்டு, ராடைக் கீழே வைத்துவிட்டு, முனைக்கு அப்பால் இருக்கும் நரம்பை ஒரு தடித்த மரக்கட்டையில் ஐந்தாறு சுற்று சுற்றுங்கள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நேராகப் பின்னால் நகருங்கள். லூர் விடுபட்டால் தோட்டா மாதிரி வரும்.

12. பராமரிப்பு

ஒவ்வொரு முறை மீன்பிடித்து முடித்ததும் லூருக்கு மேலே உள்ள இரண்டு மூன்று மீட்டர் பிரெய்டை விரலிடையே ஓட்டிப் பாருங்கள். பஞ்சுபோல் பிசிறியிருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். நிறம் வெளுப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சாயம் இந்த இழைக்குள் இறங்காது, மேலே ஒட்டியிருப்பதுதான் கழுவிப்போகிறது. கடலில் பயன்படுத்தினால் நல்ல தண்ணீரைத் தூறலாக விட்டு அலசி, நிழலில் உலர்த்துங்கள். ஈரப் பிரெய்டோடு ரீலை மூடிய பெட்டிக்குள் வைத்தால் ஸ்பூலும் தாங்கிகளும் கெட்டுப்போகும்.

மேலே இருக்கும் பகுதி தேய்ந்ததும் முழுவதையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. பிரெய்டை வெறும் சுருள் ஒன்றில் சுற்றி எடுங்கள். வெளிமுனை இப்போது அடியில் போயிருக்கும், அதனால் இன்னொரு சுருளுக்கு ஒரு முறை மாற்றிவிட்டு, தேய்ந்த முனையை மோனோவோடு இணைத்து ரீலில் ஏற்றுங்கள். புதிது போலிருக்கும் மறுமுனை மேலே வந்துவிடும். சுருளை இப்படித் திருப்புவதற்கு மட்டுமே அரைமணி நேரம் ஆகும், ஆனால் ஒரு பெட்டியின் விலை மிச்சம். இறுக்கிச் சுற்றும் விதி இங்கேயும் உண்டு.

வெட்டிய துண்டுகளைக் கரையில் விடாதீர்கள். இது மட்காது, பறவைகளின் காலில் சுற்றும். விரல் நீளத் துண்டுகளாக நறுக்கிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். கடைசியாக, ரீலின் அடியில் சிறு ஸ்டிக்கர் ஒட்டி அதில் எத்தனை பவுண்டு, எத்தனை மீட்டர், எந்த மாதம் ஏற்றியது, எப்போது திருப்பியது என்று எழுதிவையுங்கள். இரண்டு ரீல் சேர்ந்துவிட்டால் எதில் என்ன இருக்கிறது என்று ஞாபகம் இருக்காது.